தழைத்த கொடியும் பூத்த கொடியும்



இறைவனுக்குச் சாத்தும் மலர்களை முன்னோர் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகையாகப் பகுத்தனர். திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் பொழுது புலருமுன் எழுந்து நீராடி, இந்நால்வகைப் பூக்களையும் கொய்து, மாலை தொடுத்துச் சிவபெருமானுக்குச் சாத்தி வந்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. கொடிப்பூவிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு முல்லை. திருக்கருகாவூரிலும் வடதிருமுல்லைவாயிலிலும் தலமரமாகப் போற்றப்படுவதும் அம்முல்லையே.

இல்லத்தரசி ஒருவர் தம் வீட்டு வாயிலில் முல்லைக்கொடி நட்டு, முதற்பூவை அம்பிகைக்குச் சாத்துவதாக நேர்ந்துகொண்டார் எனக் கொள்வோம். கொடி பந்தல் முழுவதும் படர்ந்தது. இலையில் பழுப்பில்லை, தண்டில் பூச்சியில்லை. ஆயினும் மூன்றாண்டு கடந்தும் ஓர் அரும்பும் கட்டவில்லை. அவர் மேலும் நீர் ஊற்றினார். மேலும் எரு இட்டார். கொடி மேலும் தழைத்ததே தவிரப் பூக்கவில்லை. அயலார் சிலர், "கைராசி இல்லை" என்றனர். தம் கைப்பூவை ஏற்க அம்பிகைக்கு உளமில்லையோ என்று அவ்வம்மையார் மனம் நொந்தார்.

அம்பிகை எவர் பூவையும் மறுப்பவள் அல்லள். குறை கையிலும் இல்லை, அன்பிலும் இல்லை. கொடியின் இயல்பை அறியாமையே குறை.

முல்லை வெயிலை விரும்புவது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் கதிரவன் ஒளி அதன்மேல் பட வேண்டும். வேப்பமர நிழலிலோ, சுவரின் மறைவிலோ நிற்கும் கொடி இலை விடும், பூ அரிதாகும்.

அடுத்தது எரு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்னும் மூன்றனுள் தழைச்சத்து தன் பெயருக்கேற்பத் தழையையே வளர்ப்பது. முல்லைச்செடி ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்துக் கிலோ தொழுவுரத்துடன் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் என இரு தவணையாக இடுவது வேளாண் அறிஞர் வகுத்த அளவு. தழைச்சத்து மற்றவற்றில் பாதியே என்பதை நோக்குக. அளவு மீறி அதனையே இட்டால், உண்டு கொழுத்த கொடி பூக்க மறந்துவிடும்.

மூன்றாவதே தலையாயது. முல்லை புதிதாகக் கிளைக்கும் தளிரில்தான் பூக்கும். முதிர்ந்த கொடியில் பூப்பதில்லை. ஆதலின் ஆண்டுதோறும் கத்தரித்தல் வேண்டும். மல்லிகைக்குக் கார்த்திகை நடுவும், பிச்சிக்கு மார்கழியும், முல்லைக்குத் தை நடுவும் உரிய காலம். சில நாள் நீரை நிறுத்தி, பின்னர்த் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேற்பகுதியை நீக்குவர். காய்ந்த கொம்பையும் நோயுற்ற கொம்பையும் களைந்து, எருவிட்டு, நீர் பாய்ச்சுவர். அன்புடன் வளர்த்த கொடியை வெட்ட மனம் கூசும். அக்கூச்சமே மூன்றாண்டுகள் பூவைத் தடுத்து நின்றது.

வெட்டுதல் யாவும் ஒன்றல்ல. தொண்டைமான் மன்னன் தன் யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியைச் சினந்து வாளால் வெட்டினான். அவ்வெட்டு உள்ளிருந்த சிவலிங்கத்தின்மேல் பட்டுக் குருதி பெருகியது. மன்னன் நடுங்கி வருந்தினான். இறைவன் காட்சி தந்தருளினான் என்பது திருமுல்லைவாயில் தல வரலாறு. தன் வழியை மறித்தது என்று வெட்டுவது சினம். பூக்க வேண்டும் என்று காலமறிந்து, அளவறிந்து வெட்டுவது அன்பு. கருவி ஒன்றாயினும் கருத்து வேறு.

மனித வாழ்வும் இத்தகையதே. பொருளும் புகழும் கல்வியும் பெருகியும் உள்ளத்தில் அருள் மலராத வாழ்க்கை, இலை மட்டும் செழித்த கொடியாகும். அதற்கு வேண்டுவது மேலும் எரு அன்று. வேண்டாதவற்றைக் களைதலும், மறைப்பை நீக்கி ஒளி படச் செய்தலும் ஆகும். இழப்பு நேரும்போது அது தண்டனை என்று தளர வேண்டா. அதன்பின்னும் தளிர் விடும் ஆற்றல் வேரில் உண்டு.

கத்தரித்த மறுநாளே பூ வாராது. முல்லைத் திணைக்கு இருத்தலை, அஃதாவது ஆற்றியிருத்தலை, உரிப்பொருளாக வைத்தனர் தமிழ்ச் சான்றோர். காரும் மாலையும் அதற்குரிய பொழுதுகள். அவ்வம்மையாரும் தை மாதத்தில் கொடியைக் கத்தரித்துவிட்டு ஆற்றியிருப்பாராக. புதுத்தளிர் தோன்றும், தளிரில் அரும்பு கட்டும், ஒரு மாலைப்பொழுதில் வாயிலெங்கும் மணம் கமழும். அன்று அவர் ஏந்திச் செல்லும் பூ ஒரு கைப்பிடியே ஆயினும், அம்பிகை திருமுடியில் அது நிறைவாகப் பொலியும்.

வாழ்க அடியார்! மலர்க நந்தவனம்!