மறுசீரமைப்பு வாரியக் கணக்கும் நாமும்



கலிபோர்னிய நகரங்களின் மறுசீரமைப்பு முகமைகள், தம் திட்டப் பகுதிகளில் உயர்ந்த சொத்துவரியின் பெரும்பகுதியைத் தாமே பெற்று, அவ்வருவாயை ஈடாகக் காட்டிக் கடன்பத்திரங்கள் வெளியிட்டன. 2012 பெப்ரவரி 1 அன்று முகமைகள் கலைக்கப்பட்டன, கடன்கள் கலையவில்லை.

இன்று வாரிசு முகமைகள் தாம் செலுத்தவேண்டிய கடப்பாடுகளைப் பட்டியலிட்டு, மேற்பார்வை வாரியத்தின் ஒப்புதலைக் கோருகின்றன. அப்பட்டியல் போக எஞ்சும் வரியே பள்ளிகளுக்கும் ஏனைய உள்ளூர் அமைப்புகளுக்கும் பகிரப்படுகிறது. ஆகவே இக்கணக்கு நமக்குப் புறம்பானதன்று.

வழமையான கூட்டத்துக்கு 72 மணிநேரம் முன்னரே நிகழ்ச்சி நிரல் வெளியாகவேண்டும், பொதுமக்கள் பேச வாய்ப்பளிக்கவேண்டும் என்கிறது பிரவுன் சட்டம். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேறும் விடயங்களையே முதலில் படியுங்கள். இளையோரே, பெற்றோருக்கு அவற்றை விளக்குங்கள். கூட்டத்துக்கு இணைந்து செல்லுங்கள்.