பசியா, பதற்றமா?

(புதுச்சேரி, சாரத்தில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எடை கூடிக்கொண்டே போனது. ஒருநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "கொஞ்சம் வாயைக் கட்டும்மா" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து மதிய உணவுக்கு அவள் வரவில்லை. கேட்டால், "பசிக்கல மிஸ்" என்பாள். இரண்டு வாரம் கழித்துக் காலை வழிபாட்டில் மயங்கி விழுந்தாள். பதறி ஓடிவந்த அவள் அம்மா சொன்னார்: "பகல்ல ஒண்ணும் சாப்பிடறதில்ல டீச்சர். ராத்திரி படிக்கும்போது பிஸ்கட்டும் மிக்சருமா தின்னுடுறா. படுக்க ரெண்டு மணி ஆயிடுது."

ஆண்டுதோறும் நாளமில்லாச் சுரப்பிகள் பாடம் நடத்துபவள் நான். அந்தப் பாடம் என் கண்முன் உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

திடீரென்று பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், செரிமானம் மெதுவாகும், பசி அடங்கிவிடும். தேர்வு நாள் காலையில் இட்லி தொண்டையில் இறங்காதது இதனால்தான். ஆனால், அழுத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் நிலைமை வேறு. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டுகிறது. அதிலிருந்து கார்டிசால் சுரக்கிறது. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேட வைக்கும். கொழுப்பை வயிற்றுப் பகுதியில் சேர்க்கும். எல்லாருக்கும் இது ஒரே மாதிரி நடப்பதில்லை. ஒரே தேர்வுக்குப் பயந்து ஒரு பிள்ளை மெலியும், இன்னொரு பிள்ளைக்கு எடை கூடும்.

தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதிக்கப்பட்டார்கள். நீண்ட நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இரண்டு மணி வரை விழித்திருந்த என் மாணவியை மிக்சர் டப்பா இழுத்ததில் வியப்பென்ன?

நாம் மட்டும் என்ன? விடைத்தாள் திருத்தும் நாட்களில் காலையில் வெறும் டீ, மாலையில் கடை பஜ்ஜி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். நம் புதுச்சேரியிலோ 26.3 சதவீதம். நான்கு பேரில் ஒருவருக்கு மேல்! இதற்கு மன அழுத்தம் மட்டும் காரணமல்ல. உணவும், உடலுழைப்புக் குறைவும், பரம்பரையும் உண்டு. ஆனாலும் இடுப்பு அளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை.

உங்களிடம் நான் கேட்பது நான்குதான். ஒன்று, எந்தப் பிள்ளையின் உடலைப் பற்றியும் வகுப்பில் பேசாதீர்கள், கேலியாகக்கூட வேண்டாம். இரண்டு, எடை சட்டென்று மாறினால் தனியே அழைத்து, "ராத்திரி எப்போ தூங்கினே? காலையில என்ன சாப்பிட்டே? மனசுல என்ன இருக்கு?" என்று கேளுங்கள். சாப்பாட்டைத் தொடர்ந்து தவிர்த்தாலோ, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுத்தாலோ பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள். மூன்று, மதிய இடைவேளையையும் விளையாட்டு வகுப்பையும் சிறப்பு வகுப்புக்காகப் பறிக்காதீர்கள். நான்கு, நீங்களும் காலையில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அந்த மாணவியைத் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். கார்டிசால் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ எல்லாம் என் தப்பு இல்லையா மிஸ்?" என்றாள். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நம் வகுப்புகளில் இன்னும் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களோ! நாளை வகுப்புக்குள் நுழையும்போது அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.