பழைய ரம்ப மிஷினை விலை பேசுமுன்

(பெரிய முதலியார்சாவடியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



மரப்பொம்மையும் போட்டோ பிரேமும் செய்கிற நம் குழு ஒன்று, பழைய சின்ன டேபிள் ரம்பம் வாங்கக் கடன் கேட்டிருக்காங்க. மேஜை நடுவில் வட்ட பிளேடு சுத்துமே, அந்த மிஷின்தான். நல்ல யோசனை. வார்ப்பிரும்பில் செய்த பழைய மிஷின் கனமானது. ஓடும்போது அதிகம் அதிராது, வெட்டு நேராக வரும். ஆனால் கடனைக் கட்டப் போவது குழுவில் உள்ள அத்தனை பெண்களும். அதனால் புதுப் பெயிண்டைப் பார்த்து விலை பேசாதீங்க.

முதலில், அது என்ன மிஷின் என்று தெரிஞ்சுக்கணும்.

மோட்டாரில் ஒரு தகடு இருக்கும். துடைச்சுப் படிங்க. 230 வோல்ட், 50 சைக்கிள் என்றால் வீட்டு கரண்டுக்கு ஓடும். 415 வோல்ட் என்றால் த்ரீ பேஸ் இணைப்பு வேணும். 115 வோல்ட், 60 சைக்கிள் மட்டும் போட்டிருந்தால் அது அமெரிக்க மோட்டார். நம்ம பிளக்கில் நேராகச் செருகினால் எரிஞ்சு போகும். மோட்டார் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்க.

சில மிஷின்களில் அமெரிக்க பேடன்ட் எண்ணும் இருக்கும். அந்த எண் 1935-ல்தான் 20 லட்சத்தைத் தொட்டது, 1961-ல் 30 லட்சம் ஆனது. “நூறு வருஷத்து மிஷின்” என்று ஒருவர் விலையை ஏத்தினால், 20 லட்சத்துக்கு மேல் எண் இருந்தால் அது 1935-க்கு முந்தினது இல்லை என்று நீங்க சொல்லலாம்.

இரண்டாவது, சோதனை.

பிளக்கைப் பிடுங்கிட்டு, பெல்ட்டைக் கழற்றி, அச்சைக் கையால் சுத்திப் பாருங்க. கரகரன்னு சத்தம் வந்தால் பேரிங் தேய்ஞ்சிருக்கு. அதை மாத்திக்கலாம். அச்சு வளைஞ்சிருந்தாலோ மேஜையில் விரிசல் இருந்தாலோ வாங்க வேண்டாம். வார்ப்பிரும்பில் வெல்டிங் வைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

2004 சுனாமி, 2011 தானே, 2024 ஃபெஞ்சல் எல்லாம் பார்த்த கரை இது. மோட்டார் மூடியைத் திறந்து பாருங்க. உள்ளே சேறோ வெள்ளை உப்போ படிஞ்சிருந்தால், தண்ணிக்குள் கிடந்த மோட்டார் என்று சந்தேகப்படணும்.

மூன்றாவது, சரிசெய்வது.

மேஜைத் துருவை எண்ணெய் தொட்டு, நைஸ் உப்புத்தாளால் தேய்ங்க. மேஜை மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது, மெழுகு தேய்க்கணும். மரக்காணம் உப்பளத்துக்காரங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, உப்பு ஈரத்தை இழுக்கும். இந்தக் கடல்காற்றில் சும்மா விட்டால் மேஜை சீக்கிரமே திரும்பத் துருப்பிடிக்கும். வேலை முடிஞ்சதும் துடைச்சு மூடி வைக்கணும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி சுரண்டித் தூசி கிளப்பாதீங்க. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கிட்ட வரக் கூடாது. ஒயர், சுவிட்ச், எர்த் மூன்றையும் எலக்ட்ரீஷியன்தான் பார்க்கணும்.

நான்காவது, இதுதான் முக்கியம்.

பழைய மிஷினில் அடிக்கடி காணாமல் போவது பிளேடு மூடியும், பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடும். அறுத்த மரம் திரும்ப நெருங்கி பிளேடைக் கவ்வாமல் அந்தத் தகடு தடுக்கும். அது இல்லையென்றால் பிளேடு மரத்தை நம் மேலேயே எறியும், கையும் பிளேடு பக்கம் இழுபடலாம். வெட்டின் அகலத்தைவிடக் கொஞ்சம் மெல்லிசாக, பிளேடுக்கு நேர்கோட்டில், அசையாமல் பொருத்தச் சொல்லுங்க. கடைசித் துண்டை விரலால் தள்ளாமல், தள்ளுகட்டை வச்சுத் தள்ளணும். முந்தானை, துப்பட்டா, வளையல், தொங்கும் பின்னல் எதுவும் கிட்டே போகக் கூடாது. கையுறையும் வேண்டாம், பிளேடு அதைப் பிடிச்சால் கையோடு இழுக்கும்.

குழுவில் மூணு பேர், தச்சர் ஒருத்தர், எலக்ட்ரீஷியன் ஒருத்தரோடு போய்ப் பாருங்க. தீர்மான நோட்டில் மிஷின் விலையை மட்டும் எழுதினால் போதாது. வண்டி வாடகை, பேரிங், ஒயரிங், மூடி, தகடு எல்லாச் செலவையும் எழுதுங்க. மூடிக்கும் தகடுக்கும் பணம் ஒதுக்காத மனுவுக்கு நான் பரிந்துரை செய்ய மாட்டேன். கடன் பணத்தைத் தவணை தவணையாக் கட்டிடலாம். போன விரலை எந்தத் தவணையிலும் மீட்க முடியாது.