இறுகிப்போன ஃபியூஸைக் கழற்றுவது எப்படி?

(நம் அறக்கட்டளையின் குடும்பநலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நோன்பு காலத்தில் பள்ளிவாசல் ஆம்ப்ளிஃபயருக்கும் வீட்டு ஸ்டெபிலைசருக்கும் ஓய்வே இல்லை. ஸஹர் நேரத்தில் ஒன்று நின்றுபோனால் உடனே ஃபியூஸைப் பார்க்கிறோம். போயிருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் கழற்ற வரவில்லை. அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்புகிறோம். ஷாக் அடிப்பதும், கண்ணாடி உடைந்து கையைக் கிழிப்பதும் அந்த நிமிடத்தில்தான்.

ஃபியூஸ் ஏன் இறுகுகிறது? பிடிப்பு தளர்ந்த இடம் சூடாகும்; சூட்டில் உலோகம் கறுத்து ஒட்டிக்கொள்ளும். கம்பம், கூடலூர் பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் ஈரம் ஏறினால் பித்தளை முனையில் பச்சைக் களிம்பும் பிடிக்கும்.

எந்தக் கருவியானாலும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். இன்வெர்ட்டரில் பிளக்கைப் பிடுங்கினாலும் பேட்டரி கரண்ட் கொடுக்கும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். டிவி, கம்ப்யூட்டர் பெட்டியையும் திறக்காதீர்கள். அவற்றின் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

வீட்டில் நாம் தொடக்கூடியது கருவியின் பின்பக்கம் வெளியே தெரியும் ஃபியூஸ் மூடியைத்தான். அது திரும்பவில்லை என்றால் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்து, லேசாக உள்ளே அழுத்தி, இடப்பக்கம் திருப்புங்கள். மூடியில் வெட்டு இருந்தால் நாணயம் போதும். மூடி வந்தும் ஃபியூஸ் உள்ளேயே நின்றால் கருவியைச் சாய்த்து மெல்லத் தட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவின் நுனியைக் கொஞ்சம் கீறி, ஃபியூஸ் மேல் செருகி இழுங்கள். பென்சிலால் குத்த வேண்டாம். அதன் கரி மின்சாரத்தைக் கடத்தும்.

சர்வீஸ் வேலை தெரிந்த தம்பிமார்களுக்கு ஒன்று: கிளிப்பில் மாட்டிய கண்ணாடி ஃபியூஸைக் குறடால் பிடிக்காதீர்கள். காய்ந்த ரிப்பனை ஒரு முனையின் உலோக மூடிக்கு அடியில் நுழைத்து, இரு நுனியையும் சேர்த்துத் தூக்குங்கள். ஒரு பக்கம் எழும்பினால் மறுபக்கம் தானாக வரும்.

கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர்களே, பல வண்டிகளில் ஃபியூஸ் பெட்டி மூடிக்குள்ளேயே பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று இருக்கும். தொலைந்திருந்தால், சாவியை எடுத்துவிட்டு, துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்பால் கவ்வி நேராக இழுங்கள்.

கழற்றுவதைவிடப் பெரிய ஆபத்து மாட்டுவதில் இருக்கிறது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செம்புக் கம்பியையோ சுற்றி மாட்டினால் கருவி ஓடும். ஆனால் அடுத்த கோளாறில் ஃபியூஸ் உருகாது, வயர் உருகும், வீடு பற்றும். பழைய ஃபியூஸின் முனையில் உள்ள எழுத்தைப் பார்த்து, அதே ஆம்பியர், அதே வகை வாங்குங்கள். 'டி' என்றால் சற்றுத் தாங்கி உருகுவது, 'எஃப்' என்றால் சட்டென உருகுவது. புதியதும் உடனே போய்விட்டால் கருவியில் கோளாறு என்று அர்த்தம். மூன்றாவது மாட்டாதீர்கள்.

வீட்டுப் பீங்கான் ஃபியூஸ் கட்டை வராவிட்டால், மெயினை அணைத்து, காய்ந்த துணியால் பிடித்து நேராக இழுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள கட்டையை மட்டும் எக்காரணத்தாலும் தொடாதீர்கள். மெயினை அணைத்தாலும் அதில் கரண்ட் இருக்கும். அது மின்வாரியத்தின் வேலை; மின்னகம் எண் 94987 94987.

ஒரு ஃபியூஸின் விலை சில ரூபாய்தான். உயிரோ அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ஸஹருக்கு ஒலிபெருக்கி இல்லையென்றால் ஒருநாள் வாயால் கூப்பிட்டு எழுப்பிக்கொள்ளலாம். சரியான உதிரி ஃபியூஸ் இரண்டு, ரிப்பன், டியூப் துண்டு, ஸ்ட்ரா, டார்ச் எல்லாம் ஒரு டப்பாவில் போட்டு, குழந்தைகளுக்கு எட்டாமல் இன்றே எடுத்துவையுங்கள்.

நம் குடும்பங்களை அல்லாஹ் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.