வளவு மரமும் தறிக்கும் காலமும்

மரத்தை வீழ்த்தும் நேரம் வேறு. அதனை வளவிலிருந்து அகற்றி முடிக்கும் காலம் வேறு. கல்குடா போன்ற கடற்கரை ஊரிலே இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம். 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, மாவட்டத்துத் தென்னைகளின் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

வெட்டவெளியில் நிற்கும் தென்னையைத் தறிக்க ஒரு மணி நேரமே போதும். கூரையின் பக்கம் சாய்ந்த மரமாயின், ஒருவர் ஏறி ஓலையையும் குலையையும் களைந்து, மரத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கயிற்றிற் கட்டி இறக்குதல் வேண்டும். அதற்கு அரைநாளோ ஒரு நாளோ செல்லும். அதன்பின் அடிக்கட்டையைத் தோண்டும் வேலையும் உண்டு. வெட்டிய மரத்தை அழுகவிட்டால், அதிலே காண்டாமிருக வண்டு பெருகி, அயல் வளவுத் தென்னைகளின் குருத்தைத் துளைக்கும்.

பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கோ 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். விண்ணப்பமும் பார்வையிடலும் முடியும் வரை கோடரி காத்திருத்தல் வேண்டும்.

ஆகையால், காற்று எழுந்தபின் ஆளைத் தேடுவது பயனற்றது. ஆபத்தான மரத்தை ஆவணி, புரட்டாசி மாதங்களிலேயே, மாரி தொடங்குமுன் அகற்றுவது நன்று. ஆயினும், உறுதியாய் நிற்கும் மரத்தை அச்சத்தினால் வெட்டுதல் தகாது. ஒரு நாளில் விழும் தென்னைக்கு ஈடாக நட்ட கன்று காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டுகள் செல்லும்.