பாய்லருக்கு ஒரு தண்ணீர், பாட்டாளிக்கு ஒரு தண்ணீரா?

(திருநகரில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச வந்திருப்பது குழாயிலே வருகிற உப்புத் தண்ணீரைப் பற்றி. "இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் ஒருநாளும் துணி துவைத்ததில்லை என்று அர்த்தம்!

திருநகரிலும் ஹார்விபட்டியிலும் நிலையூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டுக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று நல்ல தண்ணீர். அதைக் குடத்திலே மூடி வைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கிறோம். மற்றது போரிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வெள்ளை வேட்டி நாலு துவையலில் பழுப்பேறும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளைக் காறை படியும். குளித்த தலையோ தேங்காய் நார்!

உப்பு என்று பெயரே தவிர, இது சோற்றுக்குப் போடும் உப்பு மட்டுமல்ல. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தப் புளிப்பேறிய தண்ணீர் சுக்காங்கல்லில் உள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து அது கடின நீராகிறது. நம் சீமையில் பூமிக்கடியில் பாறை. பாறை வெடிப்புகளில் தண்ணீர் எவ்வளவு காலம் அடைபட்டுக் கிடக்கிறதோ அவ்வளவுக்கு உப்பு ஏறும்.

இந்தத் தண்ணீர் நம் கூலியை எப்படித் தின்கிறது? கணக்குப் பார்ப்போம். குடிநீரில் இந்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று 2012-ஆம் வருஷத்து இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. 600 உள்ள தண்ணீர் ஒரு பக்கெட், 15 லிட்டர் என்று வையுங்கள். அதில் 9 கிராம் சுண்ணாம்பு. சோப்பு முதலில் அழுக்கிடம் போவதில்லை, இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டு விடுகிறது. 9 கிராமைத் தீர்த்துக்கட்ட சுமார் 55 கிராம் சோப்பு வேண்டும். மூன்று பக்கெட்டுக்கு ஒரு கட்டி சோப்பு, நுரை வருவதற்கு முன்பே காலி! டிடர்ஜென்ட் பவுடர் வந்தபின் துணி விஷயத்தில் தொல்லை குறைந்தது உண்மை. ஆனால் அதையும் ஒரு கை கூடுதலாகத்தானே அள்ளிப் போடுகிறோம்?

பருப்பைப் பாருங்கள். அதன் தோலையும் சதையையும் பிடித்து நிற்கும் பசையைக் கால்சியம் இறுக்கிவிடுகிறது. ஒரு மணி நேரம் கொதித்தாலும் முழிக்கிறது. கேஸ் தீர்கிறது. பொறுக்கமாட்டாமல் தாய்மார்கள் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போடுகிறார்கள். பருப்பு வேகிறது, அதிலிருந்த பி-1 உயிர்ச்சத்து நாசமாகிறது. ஏழையின் சாப்பாட்டில் சத்தாக இருப்பதே அந்தப் பருப்புதான்.

மில் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். பாய்லருக்கு இந்தத் தண்ணீரை எந்த முதலாளியாவது அப்படியே விடுவானா? விடமாட்டான். காறை படிந்தால் சூடு ஏறாது, எரிபொருள் வீணாகும், குழாய் காய்ந்து வெடிக்கும். ஆகவே தண்ணீரை மென்மையாக்கும் யந்திரம் வைத்து, அதற்கு ஆள் போட்டு, தினந்தோறும் பரிசோதித்து உள்ளே அனுப்புகிறான். சாயம் போடும் இடத்திலும் அப்படியே. கடின நீர் நஷ்டம் என்பது முதலாளிக்கு நமக்கு முன்பே தெரியும்! இரும்புப் பாய்லருக்குத் தரும் தண்ணீர், அதை ஓட்டுகிறவன் வீட்டு அடுப்புக்கு ஏன் இல்லை?

இது சாத்தியமில்லாத காரியமா? ஊர்த் தண்ணீரைச் சுண்ணாம்பு கலந்தே மென்மையாக்கும் முறைக்கு ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து தாமஸ் கிளார்க் 1841-லேயே உரிமை பெற்றார். அவருக்கு வெகுகாலம் முந்தியே நம் சலவைத் தொழிலாளி உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தார். அந்த மண்ணிலுள்ள சோடாதான் கடினத்தை முறிக்கிறது. ரசாயனப் புத்தகம் படிக்காத மேதை!

இன்னொரு பக்கம் பயத்தை விற்கிறார்கள். "உப்புத் தண்ணீர் குடித்தால் கிட்னியில் கல்" என்கிறார்கள். கடின நீரால்தான் கல் வருகிறது என்று நிரூபணமாகவில்லை. கடினத்துக்கென்று உடல்நல வரம்பு எதையும் உலக சுகாதார ஸ்தாபனமும் விதிக்கவில்லை. வெயிலிலே நாற்று நட்டு, ஸ்பின்னிங்கில் வியர்த்து, குடிக்க நேரமில்லாமல் கிடப்பதுதான் கல்லுக்குப் பெரிய காரணம். மெஷினுக்குப் பக்கத்தில் குடிதண்ணீர், வயலில் நிழல், குடிக்க அவகாசம், இவற்றைக் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றில் ஜாக்கிரதை. புளூரைடும் நைட்ரேட்டும் நாக்குக்குத் தெரியாது, போர்த் தண்ணீரில் இருக்கவும் கூடும். அதைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும்.

பயந்தவர்கள் ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறார்கள். அது ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் தள்ளுகிறது. கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் அந்த மெஷினைத் தடை செய்யும்படி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது இந்த விரயத்தைக் கண்டுதான். மெஷின் வாங்க முடியாதவர்கள் கேன் வாங்குகிறார்கள். பூமியிலிருந்து உறிஞ்சிய தண்ணீரை நமக்கே விற்கிறார்கள்!

நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்கிற மழையில் இருக்கிறது. அது சுக்காங்கல்லில் ஊறிக் கிடந்த தண்ணீர் அல்ல, ஆகவே மென்மையானது. 1895-இல் பெரியாறு அணை வந்து அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. 1959-இல் வைகை அணை திறந்தது. அந்தத் தண்ணீர் மதுரைக் குழாய்க்கு வருகிறது. 2011-இல் திருநகர், ஹார்விபட்டி, திருப்பரங்குன்றம், அவனியாபுரம் எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்தன. வரி ரசீதில் நாம் மதுரைவாசிகள். குழாயிலும் மதுரைவாசிகளாக இருக்க வேண்டாமா?

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இதில் என்ன? நிறைய இருக்கிறது. நிலையூர்க் கண்மாயும் தென்கால் கண்மாயும் நிரம்பிய வருஷம் கரையோரக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், நாக்கே சொல்லும். கண்மாய் வறண்டு போரை மட்டும் ஆழமாக்கினால் உப்பு ஏறும். கண்மாய் நிறைந்தால் உங்களுக்கு நடவு, அறுப்பு, கூலி. இங்கே தாய்மார்களுக்கு வேகிற பருப்பு. கண்மாய்க்குள் பிளாட் போடுகிறவன் இரண்டு பேர் வாயிலும் மண் போடுகிறான்.

ஆகவே நாம் கேட்பது இது. வீடு தவறாமல் வைகைத் தண்ணீர் வேண்டும். அதுவரை போர்த் தண்ணீர் விடும் ஒவ்வொரு தெருவிலும் தண்ணீரைப் பரிசோதித்து, முடிவைத் தொட்டி மேலேயே எழுதிப்போட வேண்டும். வரத்துக் கால்வாயையும் கண்மாயையும் தூர்வார வேண்டும், அந்த வேலை உள்ளூர்த் தொழிலாளிக்கே தரவேண்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் வரட்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று தடவை அலசி, தெருப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கட்டணத்துக்கு நாம் வசூல் செய்வோம். அந்தச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மனுக் கொடுக்கப் போவோம். துணி துவைக்கிறவர்கள் முன்னால் நடக்கட்டும்.