தேக்கு, கரி, கணக்குப் புத்தகம்

(காரைக்குடியில் நடந்த கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

'வடபுலத்து மலைகளிலும் காடுகளிலும் உள்ள இயற்கை வளங்களை மேம்படுத்துதல்' என்ற தலைப்பைக் கொடுத்து ஒரு பேங்க் கிளார்க்கைப் பேசச் சொல்லியிருக்கீங்க. கவிதை எழுதுறவன்கிறதால மலை, அருவி, மூங்கில்னு வர்ணிப்பான்னு சிலபேர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் பேசப்போறது கணக்கைப் பத்தி. வளம் என்பது மண்ணுக்குள்ள மட்டும் இல்லை. அது யார் பேர்ல எழுதப்படுதுங்கிற புத்தகத்துக்குள்ளயும் இருக்கு.

நம்ம ஊரிலிருந்தே தொடங்கலாம். இங்கே உள்ள பெரிய வீடுகளின் தூண்களை வெளியூர்க்காரங்க வந்து படம் எடுத்துட்டுப் போறாங்க. பர்மா தேக்கு. அந்தத் தேக்குக்குப் பின்னால ஒரு யுத்தமே இருக்கு. 1885இல் வடபர்மாவை ஆண்ட தீபா மன்னரின் அரசு, பம்பாய் பர்மா வர்த்தகக் கம்பெனி வெட்டின மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகச் சொல்லி அபராதம் போட்டது. வெள்ளைக்காரன் அதையும் ஒரு காரணமாக்கிப் படை அனுப்பினான். மண்டலே விழுந்தது. மன்னரை ரத்தினகிரிக்கு நாடு கடத்தினான். ஒரு மரக்கணக்கு ஒரு நாட்டையே காலி பண்ணியது.

தென்பர்மாவில் நெல். அங்கே வட்டிக்குக் கொடுத்த பணம் செட்டிநாட்டிலிருந்து போனது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது 25 பங்கு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல்விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயியின் நிலம் பேரேட்டில் பெயர் மாறியது. 1948இல் பர்மா நிலத் தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. இவ்வளவும் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கு. ஆனா அந்த மரத்தை வெட்டினவன், யானைகட்டி இழுத்தவன், ஐராவதி ஆத்துல தெப்பமாக்கி விட்டவன், இங்கே அந்தத் தூணைத் தினமும் துடைச்சவ, இவங்க பேர் எந்தப் பேரேட்டில இருக்கு? தூணைத் துடைச்சவளுக்குப் பின்வாசல்தானே!

இதைச் சொன்ன உடனே, 'அப்ப நீங்க வளர்ச்சிக்கு எதிரா?' என்று கேட்பாங்க. இல்லை. இங்கேதான் நாம சுற்றுச்சூழல் பேசுற பல நண்பர்களிடமிருந்து விலகி நிற்கிறோம். கிராமத்தையும் பழைய வாழ்க்கையையும் கும்பிடச் சொல்லி நம்மிடம் யாரும் கேட்க முடியாது. அந்தக் கிராமம் நமக்கு என்ன வச்சிருந்ததுன்னு நமக்குத் தெரியும். பாபாசாகேப் அதை 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையிலேயே பச்சையாகச் சொன்னவர்.

அவர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினர். பாசனமும் மின்சாரமும்கூட அந்தத் துறைக்குள்தான் வந்தன. 1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் போய், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். 1944இல் நிலக்கரித் தொழிலாளர் நலநிதி வந்தது. வெளியே போகிற கரியின்மேல் ஒரு வரி, அது தோண்டுறவங்க வீட்டுக்கும் தண்ணிக்கும் மருத்துவத்துக்கும். 1945 நவம்பர் 8இல் கட்டாக்கில் ஒரிசாவின் ஆறுகள் பற்றிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். நிலக்கரி, இரும்பு, பாக்சைட், கிராஃபைட் எல்லாம் கிடக்கிற மண்ணில் சனங்கள் ஏன் பஞ்சத்திலும் வெள்ளத்திலும் சாகிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. ஆற்றைத் தேக்கி, மின்சாரமும் பாசனமும் படகுப் போக்குவரத்தும் உண்டாக்க வேண்டும் என்றார். மகாநதியில் ஹிராகுட் அணை எழுந்தது. 1957இல் நேரு திறந்து வைத்தார்.

ஆனா அணைக்காக ஊரை விட்டு எழுந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஆதிவாசிகள், நம்மவர்கள், சிறு விவசாயிகள். பாபாசாகேப்பின் கேள்வியை விட்டுட்டுக் கான்கிரீட்டை மட்டும் எடுத்துக்கிட்டார்கள். வளர்ச்சி வேணும்னு சொல்றவன் யாருக்குன்னு கேட்கணும். இந்த இரண்டாவது பாதிதான் நம்ம அரசியல்.

அதே ஒரிசாவில் நியம்கிரி மலை. உச்சியில் பாக்சைட், அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தா ஆலை. 2013 ஏப்ரல் 18இல் உச்சநீதிமன்றம், கிராமசபைகள் முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில் பன்னிரண்டு கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. பெரிய வெற்றி. டோங்ரியா கோந்து மக்களுக்கு நம்ம வணக்கம்.

அந்த மலையில் டோம் என்கிற தலித் சனங்களும் கோந்துகளோடு இருக்காங்க. அவங்களைப் பத்திப் பேச்சே வராது. 2006 வன உரிமைச் சட்டப்படி பழங்குடிக்கு 2005 டிசம்பர் 13க்கு முன்னால் அங்கே இருந்தால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருசம் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கணும். பழங்குடிக்குக் கிடைத்த உரிமை நியாயமானது, அதில் ஒரு இம்மிகூடக் குறையக்கூடாது. ஆனா எழுத்தே மறுக்கப்பட்ட சாதியிடம் 75 வருசத்து ஆதாரம் கேட்டால் எங்கே போவான்?

இந்தக் கேள்வியை நான் தினமும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். முப்பது வருசமா ஒரே துண்டு நிலத்தில் பாடுபடுற அக்கா பயிர்க்கடன் கேட்டு வரும். பட்டா இருக்கா, சிட்டா இருக்கா, அடங்கல் இருக்கா? அது புறம்போக்கு, தம்பி என்கும். கழுத்தில் கிடக்கிற அரைப் பவுனைக் கழட்டி நகைக்கடன் வாங்கிட்டுப் போகும். நிலம் உழைச்சவளைத் தெரிஞ்சு வச்சிருக்கு. காகிதம் தெரியாதுங்குது.

இனி வடக்கே பார்க்க வேண்டாம், காலடியைப் பாருங்க. சிவகங்கை பக்கத்து மண்ணில் கிராஃபைட் கிடக்கு. பென்சில் கரி. தமிழ்நாடு கனிம நிறுவனம், நாம டாமின் என்கிறோம், அங்கே சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் அமைத்தது. கல்லை நொறுக்கி, மாவாக்கி, நுரையில் கலக்கினால் கரி மேலே மிதக்கும், மண் கீழே தங்கும். தோண்டுற கல்லில் பெரும்பகுதி கழிவாகக் குவியும். உருக்கு ஆலையின் மூசைக்குப் போன அந்தக் கரி, இப்ப மின்சார வண்டியின் பேட்டரிக்கும் வேணும். 2023இல் மத்திய அரசு அறிவித்த 30 முக்கிய கனிமங்களில் அதுவும் ஒன்று. அதே வருசச் சட்டத் திருத்தம், இப்படிப்பட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலத்திடமிருந்து எடுத்து மத்திய அரசிடம் கொடுத்தது.

அதன் விளைவை மேலூரில் பார்த்தோம். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பகுதி டங்ஸ்டன் ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்குக்குப் போனது. சனங்க திரண்டாங்க, கிராமசபைகள் தீர்மானம் போட்டன, 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. நல்லது. ஆனா ஒண்ணை மறக்கக்கூடாது. அதே மேலூர் வட்டாரத்தில்தான் 1997 ஜூன் 30இல், தனித்தொகுதியில் பஞ்சாயத்துத் தலைவரான குற்றத்துக்காக மேலவளவு முருகேசனும் தோழர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நம்ம மாவட்டத்துக் கண்டதேவியில் தேர்வடத்தைத் தொடுவதற்கே கோர்ட்டு ஏற வேண்டியிருந்தது. ஊர் கூடி முடிவெடுக்கும் என்கிறபோது, அந்த ஊருக்குள் சேரி இருக்கா? மலையைக் காப்பாத்தக் கூப்பிடுறவங்க, மலை தப்பின பிறகு கிராமசபையில் நமக்கு நாற்காலி போடுவாங்களா? போராட்டத்துக்குள்ளேயே கேட்க வேண்டிய கேள்வி இது.

சட்டத்தில் நமக்கு ரெண்டு பிடி இருக்கு. ஒண்ணு, 2013 நிலம் கையகப்படுத்தும் சட்டம். நிலமே இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் மூன்று வருசம் கூலிவேலை செய்து பிழைத்த குடும்பமும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்கிறது அது. மறுவாழ்வு பட்டாதாரருக்கு மட்டும் இல்லை. ரெண்டாவது, மாவட்டக் கனிம அறக்கட்டளை. 2015லிருந்து சுரங்கக்காரர் கட்டுகிற ராயல்டிக்கு மேல், பழைய குத்தகை என்றால் 30 சதம், ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதம் இதற்கு வரணும். குடிதண்ணி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இதுக்கெல்லாம் முன்னுரிமை கொடுத்துச் செலவழிக்கணும். கலெக்டர்தான் தலைவர். 1944இல் பாபாசாகேப் காலத்தில் கரியின்மேல் போட்ட வரியின் பேரப்பிள்ளை இது.

ஆக, செய்ய வேண்டியது. சேரிதோறும் குடும்பக் கணக்கு ஒண்ணு எழுதுங்க. யார், எந்த நிலத்தில, எத்தனை வருசமா வேலை செய்றாங்க. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்று, எது கிடைக்குதோ அதைச் சேர்த்து வையுங்க. கிராமசபைக்குக் கும்பலாப் போங்க. கனிமநிதிக் கணக்கைக் கேளுங்க. எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் செலவாச்சு, சேரித் தெருவுக்கு என்ன வந்தது? பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்க. எழுதத் தெரியாதுன்னா என்கிட்ட வாங்க. ஞாயித்துக்கிழமை எனக்கு பேங்க் லீவு.